ஐயாயிரம் பேர்

டொய்ங்கென்று கணவரின் கைபேசி அலறியதில், துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் விரலைச் சுட்டுக்கொண்டாள். வேலை போன நான்கு மாதமாக இன்ஜினியரான அவர் சமூக வலைதளத்தில் பதிவு மேல் பதிவு போட்டு, பின்தொடர ஆள் சேர்க்கிறார். கூட்டம் சேர்ந்தால் வேலை வீடு தேடி வருமாம்.

“ஐயாயிரம் பேர் தாண்டியாச்சு!”

“அதுல ஒருத்தராவது வேலைக்குக் கூப்பிட்டாங்களா?”

“அவசரப்படாதேடி. ‘ஜெயிக்கிறவன் தெரியாத நம்பரை எடுக்க மாட்டான்’னு நேத்து எழுதினது பிச்சிக்கிட்டுப் போகுது. நானும் இப்பல்லாம் எடுக்கறதில்லை.”

தலையில் அடித்துக்கொண்டு கைபேசியைப் பிடுங்கினாள். பதிவுக்குக் கீழே பாராட்டுகள் வரிசைகட்டி நின்றன. கடைசியாக வந்திருந்ததை இரண்டு முறை படித்தாள்.

“ஒரு கம்பெனிக்காரர் எழுதியிருக்கார். ‘அருமையா சொன்னீங்க சார், வேலை கொடுக்க மூணு தடவை கூப்பிட்டோம், எடுக்கலை, வேற ஆளைப் போட்டுட்டோம்’னு!”