எட்டாம் தண்ணீர்

காட்டு வாதுமைக்கு ஏழு தண்ணீர் மாற்ற வேண்டும். ஓட்டை உடைத்து, பருப்பை வேகவைத்து, ஏழு நாள் ஊறப்போட்டு, தினமும் கசப்புத் தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றினால்தான் அதை வாயில் வைக்கலாம். அந்தத் தண்ணீர் விஷம்; கொட்டுவதும் கண்ட இடத்தில் இல்லை. குழி தோண்டி ஊற்றிக் கல்லால் மூட வேண்டும். ஈரான் மலைகளில் கூடாரம் போட்டு அலையும் காஷ்காய் மேய்ப்பர்களில் இது தெரியாதவர் யார்?

பீபிநாஸுக்கும் தெரியும். ஆனால் மழை பொய்த்து இது மூன்றாம் வருஷம். மற்ற கூடாரங்கள் எல்லாம் பெயர்ந்து போயாயிற்று. அவளுக்கோ மார்பு வற்றிவிட்டது. மிச்சமிருந்த ஒற்றை வெள்ளாட்டின் பாலில்தான் ஐந்து மாதக் குழந்தை எல்யாஸ் பிழைத்துக் கிடந்தான்.

வாதுமையை ஊறப்போட்ட நாலாம் நாள் புருஷன் பைராம் கழுதையோடு தூரக் கிணற்றுக்குக் கிளம்பினான்.

"அந்தக் கசப்புத் தண்ணிய இன்னும் கொட்டலையா நீ?"

"கொட்டுறதா? புள்ள துணி அலசிக்குவேன். நீ என்ன மழையவா கொண்டாரப் போற, மகராசா?"

"அடியே, ஆடு வாய வச்சிடப் போகுது!"

"கட்டித்தானே கெடக்கு? ரெண்டு நாள்ல வந்து சேரு, போ."

தாகத்துக்குக் கயிறு எம்மாத்திரம்? சாயங்காலம் ஆடு அறுத்துக்கொண்டு வந்து பாத்திரத்தைக் காலி செய்திருந்தது. நுரை தள்ளி, காலை உதைத்து, அவள் கண்ணெதிரே செத்தது.

"பாவி, என் கையாலேயே கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இனி வாதுமையை அரைத்துப் பாலெடுத்தால்தான் பிள்ளைக்கு உண்டு. அதுவரை சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்துச் சப்பக் கொடுத்தாள். தான் ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை. ஏழாம் நாள் பருப்பைக் கடித்துப் பார்த்தாள். அடிநாக்கில் இன்னும் கசந்தது. பைராமைக் காணோம். தோல்பையில் ஒரே குவளைத் தண்ணீர். ஏழாம் தண்ணீராக அதைப் பருப்பில் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் கடித்தாள். கசப்பு போயே போய்விட்டது! பருப்பை அள்ளிக் கல்லில் போட்டு நசுக்கினாள். பாலாக்கக் கரைக்க வேண்டுமே என்று தோல்பைக்குக் கை நீட்டியபோதுதான் உறைத்தது. ஊறவைக்கும் ஏழு தண்ணீரைத்தான் எண்ணியிருந்தாள், பாலாக்கும் எட்டாவது நினைப்பிலேயே இல்லை. மென்று ஊட்டலாமென்றால் வாயில் எச்சிலும் இல்லை. கூடாரத்தில் இருந்த தண்ணீர், பருப்பின் கடைசி விஷம் இறங்கிய அந்த ஏழாம் தண்ணீர் மட்டும்.

எல்யாஸ் அழுவதை நிறுத்தியிருந்தான். உதடு மட்டும் அசைந்தது.

பீபிநாஸ் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளியே தூக்கிப்போய், குழி தோண்டி, ஊற்றிக் கல்லை வைத்து மூடினாள். வாய் வைக்க ஆடு இல்லை. பைராம் வரும் பாதையில் கழுதை மணிச் சத்தமும் இல்லை.