அறுபது பெட்டி மணல்

எண்பத்து மூன்றில், மலைமேல் கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்குத் தொழிலாளர் லைன் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தோம். மேஸ்திரி நான்தான், பெயர் தேவசிகாமணி. லாரி மேலே ஏறாது. ரோட்டோரம் கொட்டிய மணலைப் பெட்டியால் அளந்து போட, பெண்கள் கூடையில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். முந்நூறு பெட்டி. பனிமூட்டத்தில் ஈரமாகிக் கிடந்த மணல்.

அப்புறம் இரண்டு வாரம் நல்ல வெயில். பூச்சு வேலை தொடங்கும் முன் மறுபடி அளந்தால் இருநூற்று நாற்பதுதான் இருந்தது. மணல் சுமந்த அருக்காணி அந்த வாரம்தான் தன் வீட்டுக்குப் புதுசாகச் சிமெண்டுத் தரை போட்டிருந்தாள். எனக்கு அது போதும். யோசனையெல்லாம் எனக்குக் கோபம் தீர்ந்த பிறகுதான் வரும்.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், கடப்பாரையால் தரையைக் கொத்திப் பார்த்தேன்.

"ஓடையில அள்ளுன மணலுங்க மேஸ்திரி. நானும் எம்பட ஊட்டுக்காரரும் சலிச்சதுங்க" என்றாள்.

"திருடிக்குப் பேச்சு வேறயா" என்றேன், பத்துப் பேர் முன்னால். அன்றே வேலையிலிருந்து நிறுத்தினேன்.

நாலு நாளில் சாரல் பிடித்தது. பூச்சு தொடங்கும் முன்பே கொட்டகை ஒழுகி மணல் நனைந்தது. களவு தொடர்கிறதா என்று பார்க்க மறுபடி அளந்தேன். இருநூற்றுத் தொண்ணூறு. திருடியதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். அப்படிப்பட்ட மண்டை.

பிறகு ஈரம்தான் காரணமோ என்று சந்தேகம் வந்து, நனையாத மணலாக ஒரு பெட்டி எடுத்து, இரண்டு செம்புத் தண்ணீர் தெளித்துப் புரட்டி, அதே பெட்டியில் அள்ளினேன். கொள்ளவில்லை. கால் பங்கு மீந்து நின்றது. ஈரம் பட்டால் மணல் உப்பும். இருபது வருஷம் கொத்துக்கரண்டி பிடித்தவனுக்கு இது தெரியவில்லை. முதலில் அளந்தது ஈர மணல், அடுத்து அளந்தது காய்ந்த மணல்; ஒரு பிடிகூடக் களவு போகவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். கொத்திய இடத்தைச் சாணியால் மெழுகியிருந்தாள்.

"தப்பு என்னோடதுதான் அம்மிணி. ஈரத்துல மணல் உப்பியிருந்துச்சு. நாளைக்கு வேலைக்கு வந்துரு."

"பத்துப் பேரு முன்னால திருடின்னீங்க. இப்ப ஆரும் இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கீங்க. அது ஏனுங்க?"

வேண்டுமென்றேதான் அந்த நேரத்துக்குப் போயிருந்தேன்.

அவள் வரவில்லை. வெள்ளக்கடைப் பக்கம் காப்பி பறிக்கப் போய்விட்டாளாம். நான் ஆட்களை நிறுத்திவைத்து, மணல் உப்புவதைச் செய்துகாட்டி, ஈர மணல் என்றால் பெட்டிக்குக் கால் பங்கு கூடப் போட்டுக் கலக்கச் சொன்னேன். மேஸ்திரிக்குத் தெரியாததா என்றார்கள். நானும் தலையாட்டினேன். அருக்காணி திருடவில்லை என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.