கத்தரி இப்போது எங்கே

கண்ணை மூடி ஓர் ஆற்றை நினைத்துக்கொள்ளச் சொன்னார் அந்த மூன்றாவது தெரபிஸ்ட். கெட்ட நினைப்பு ஒவ்வொன்றையும் ஓர் இலைமேல் வைத்து ஆற்றோடு அனுப்பிவிட வேண்டுமாம். அவளும் மூடினாள். ஆறு வந்தது, இலை வந்தது, இலைமேல் கத்தரி வந்தது, கரையில் குழந்தையும் வந்து நின்றது. கண்ணைத் திறந்தவள் மணிக்கட்டில் கிடந்த ரப்பர் பேண்டைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தாள். நினைப்பு வரும்போதெல்லாம் இழுத்துச் சுண்டிக்கொள்ளச் சொல்லிப் போன வாரம் அவரே மாட்டிவிட்டது. ஒரே வாரத்தில் மணிக்கட்டு கன்றிப்போனது, நினைப்பு மட்டும் நன்றாகக் கொழுத்திருந்தது.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கேம்மா," என்றார் அவர்.

"நீங்களே வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றில் பதினாலு வருஷமாகத் துணி வெட்டுகிறவள் அவள். கூடத்தில் அவளுக்குப் பெயரே கட்டிங்கக்கா. ஆறு மடிப்புத் துணியை அடுக்கிச் சாக்பீஸ் கோட்டின்மேல் கத்தரியை ஓட்டினாள் என்றால் ஆறும் ஒன்றுபோல வரும். வீட்டிலும் ஒரு மேஜை போட்டு, விடுமுறை நாளில் அக்கம்பக்கத்துக்கு வெட்டிக் கொடுப்பாள். அப்படி ஒரு நாள், எட்டு மாதக் குழந்தை காலடியில் உட்கார்ந்து துண்டுத் துணியைச் சப்பிக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. கையில் இருக்கும் இந்தக் கத்தரியை இந்தப் பிள்ளையின் கழுத்தில் இறக்கினால்?

கத்தரியைக் கீழே போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கே கத்தி இருந்தது. குளியலறைக்கு ஓடினாள். அன்றைக்கு நூறு தடவை வந்தது, மறுநாள் எண்ணிக்கையே விட்டுப்போனது. ஒன்பது வருஷம் தவமிருந்து பெற்ற பிள்ளை. "என்னங்க, நான் அப்படிச் செஞ்சிருவேனா?" என்று புருஷனைக் கேட்பாள். "மாட்டே" என்பான். ஐந்து நிமிஷம் நிம்மதியாக இருக்கும். ஆறாவது நிமிஷம் மறுபடி கேட்பாள்.

முதலில் போனது ஒரு பெரிய மருத்துவமனையின் ஆலோசகரிடம். அவள் சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் முகம் போன போக்கை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். பாதிப் பேச்சிலேயே எழுந்துபோய், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே இருந்த புருஷனைக் கூப்பிட்டார். "குழந்தைகூட இவங்களைத் தனியா விடாதீங்க. கூர்மையான சாமான் எதையும் கண்ணுல படுற மாதிரி வைக்காதீங்க." அவ்வளவுதான் வைத்தியம். உள்ளே போனபோது பயந்துபோன தாயாக இருந்தவள், வெளியே வந்தபோது கொலைகாரியாக இருந்தாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். கதவு சாத்தாமல் லிஃப்ட் நகரக்கூடாது என்பதே அவன் பிழைப்பு. வீட்டையும் அப்படியே ஆக்கிவிட்டான். கத்தரி, கத்தி, பிளேடு, ஊசிப்பெட்டி, நகவெட்டி வரை ஓர் இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. சாவி அவன் இடுப்பில். காய் நறுக்க வேண்டுமென்றால் அவன் திறந்து கொடுத்துவிட்டு, நறுக்கி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம்.

அடுத்த வாரமே அவனுடைய அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் ஹாஜர் புத்தகம் பார்த்து ஓய்வுபெற்றவள். குழந்தையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவள் கைக்குப் போனது. பெற்றவள் தன் வீட்டிலேயே விருந்தாளிபோல, நாத்தனார் பார்க்க, குழந்தையைக் கொஞ்சநேரம் மடியில் வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும். "போதும், குடும்மா, அவளுக்குத் தூக்கம் வருது," என்று நாத்தனார் கையை நீட்டுவாள். தூக்கம் வருகிறதா இல்லையா என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாயைத் திறக்க முடியாது.

கூடத்தில் மணிக்கட்டு வலி என்று பொய் சொல்லிப் பட்டன் தைக்கிற மேஜைக்கு மாறிக்கொண்டாள். அவள் இடத்தில் உட்கார்ந்த பையன் வெட்டிய கால்சட்டைகள் ஒரு கால் நீளமும் ஒரு கால் குட்டையுமாக வந்து சேர்ந்தன. அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது தெரபிஸ்ட் எட்டு வாரம் அவளுடைய அப்பாவைப் பற்றியே கேட்டார். அப்பா செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது, பாவம், கத்தரியைக் கையால் தொட்டதில்லை. கடைசியில் தாடியைத் தடவியபடி, "உங்க உள்மனசுக்கு இந்தக் குழந்தை வேண்டாம்னு இருந்திருக்கலாம், இல்லையா?" என்றார். அன்றைக்கு வீடுவரை நடந்தே வந்தாள். பேருந்தில் ஏறினால் யாரையாவது அடித்துவிடுவாள்போல இருந்தது. மூன்றாவதுதான் அந்த ஆற்று ஆசாமி.

அவர் அறையைவிட்டு வெளியே வந்த நாளில் அவளுக்கு ஒன்று உறைத்தது. இவர்கள் எல்லோரும் அவளைக் கேள்வி கேட்டார்கள், அவள் இவர்களை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. துணி வாங்கும்போது உரசிப் பார்த்து, நனைத்துப் பார்த்து, சாயம் போகுமா என்று கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள், தன் தலையைப் போய் எவனெவனிடமோ கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக ஃபோன் போட்டாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி. "குழந்தையைக் கத்தரியால குத்திடுவேனோன்னு எனக்கு நினைப்பு வருது. நான் வந்தா நீங்க முதல்ல என்ன செய்வீங்க?"

ஒருவர், வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது பேசச் சொன்னார். ஒருத்தி நல்லதையே நினைக்கச் சொன்னாள். ஒருவர் இணைப்பைத் துண்டித்தேவிட்டார். ஒன்பதாவதாக எடுத்த அம்மாள் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"வருது சரி. வந்ததும் நீங்க என்ன பண்றீங்க?"

அவளுக்குப் புரியவில்லை. "என்ன பண்றேன்னா?"

"ஓடுறீங்களா, யாரையாவது கேக்கறீங்களா, எதையாவது ஒளிச்சு வைக்கிறீங்களா?"

படியிலேயே எழுந்து நின்றுவிட்டாள். பத்து மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. "எல்லாந்தான் பண்றேன்," என்றாள்.

"ஓசிடி மாதிரித் தெரியுது, வேண்டாத நினைப்பு விடாம வந்து படுத்துற நோய். நேர்ல பாத்துதான் உறுதியாச் சொல்ல முடியும்."

"நான் கையெல்லாம் கழுவறதில்லையே மேடம்."

"எல்லாரும் கழுவ மாட்டாங்க. வியாழக்கிழமை வாங்க."

கண்ணாடிக்கடைக்கு மேல் மாடியில் சின்ன அறை. ஆறும் இல்லை, அருவிப் படமும் இல்லை. முதல் இரண்டு தடவையும் அந்த அம்மாள் துருவித் துருவிக் கேட்டார். காதில் குரல் கேட்கிறதா, தூக்கம் எப்படி, அந்த நினைப்பு பிடிக்கிறதா வெறுப்பாக இருக்கிறதா என்று எல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு, "ஓசிடிதான். இதுக்கு வைத்தியம் இருக்கு, கஷ்டமா இருக்கும். அடுத்த தடவை வீட்ல இருக்கறவங்களைக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

புருஷனும் நாத்தனாரும் வந்தார்கள். நாத்தனார் மடியில் குழந்தை.

"கத்தரி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார் தெரபிஸ்ட்.

புருஷன் கொஞ்சம் பெருமையாகவே இடுப்பைத் தட்டினான். "பூட்டி வச்சிருக்கேன் மேடம். சாவி எங்கிட்டதான்."

"எடுத்து அவங்க மேஜைமேல வச்சிருங்க. இன்னிக்கே."

நாத்தனார் வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களா வந்து பொறுப்பு ஏத்துக்குவீங்க?"

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். படித்தவர், விஷயம் தெரிந்தவர், ஒரு வார்த்தை சொன்னால் போதும். "மேடம், நான் அப்படிச் செய்ய மாட்டேன்னு இவங்ககிட்ட சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்," என்றார் தெரபிஸ்ட்.

அவளுக்குக் காதெல்லாம் சூடானது. இதுவும் அதே கூட்டம்தானா? "அப்ப நான் செஞ்சிருவேன்னு நினைக்கிறீங்களா? பத்து மாசமா எம்பிள்ளையை இவங்ககிட்ட கேட்டு வாங்கித் தூக்கிட்டிருக்கேன். உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலைன்னா எதுக்கு இங்க கடை விரிச்சு உக்காந்திருக்கீங்க?"

தெரபிஸ்ட் புருஷன் பக்கம் திரும்பினார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை இவங்களுக்கு 'மாட்டே'ன்னு சொல்றீங்க?"

"நாப்பது... அதுக்கு மேலயும் இருக்கும்."

"என்னிக்காவது அது போதும்னு ஆச்சா?"

அவன் இடுப்பிலிருந்த சாவியை விரலால் நெருடினான்.

"அப்ப நாப்பத்தோராவது ஆளா நான் எதுக்கு?" தெரபிஸ்ட் அவளைப் பார்த்தார். "ஒவ்வொரு 'மாட்டே'யும் அந்த நினைப்புக்குச் சாப்பாடு. அந்தப் பெட்டியும் சாப்பாடு. இவங்க காவல் நிக்கிறதும் சாப்பாடு. ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா, கத்தரியை எடுத்து வைங்கன்னு சொல்லியிருக்கவே மாட்டேன். அதுக்கு மேல உத்தரவாதம் கேக்காதீங்க, தர மாட்டேன். இனிமே அவங்க கேட்டா வீட்லயும் யாரும் பதில் சொல்லக்கூடாது."

பொறுப்பைப் பற்றிய கேள்விக்கு நாத்தனாருக்கும் தனியாகப் பதில் கிடைக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஏழு வாரம் அவள் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தாள். முதல் வாரம் கத்தரி மேஜைமேல் சும்மா கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், ஓடக்கூடாது, அவ்வளவுதான் வேலை. அதற்கே புடவை வியர்வையில் நனைந்தது. பிறகு கையில் பிடித்தாள், பிறகு வெட்டினாள், பிறகு குழந்தை அடுத்த அறையில் இருக்கும்போது வெட்டினாள். "நான் செஞ்சிருவேனா?" என்று கேட்டால் புருஷன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைத் துடைப்பான். பதில் வராத ஒவ்வொரு தடவையும் அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. தெரபிஸ்டை ஃபோனில் ஒரு தடவை கண்டபடி பேசிவிட்டாள். "சரி, நாளைக்கும் கத்தரியை எடுங்க," என்றார் அவர். ஐந்தாவது வாரத்தில், கேட்க வாயெடுத்துக் கேட்காமலே விட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எட்டாவது வாரம், விடுமுறை நாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சட்டை. நீலத் துணியை விரித்தாள், கோடு போட்டாள், குழந்தையை நாத்தனார் மடியிலிருந்து தூக்கிவந்து மேஜைமேலேயே, துணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கத்தரியைக் கையில் எடுத்தாள்.

நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள். "அந்த நினைப்பு இப்ப வருதா?"

"வருது."

"வருதுன்னு சொல்லிக்கிட்டே வெட்டப் போறியேம்மா. அவளைக் குடு."

"வந்துட்டுப் போகட்டும் அண்ணி. பாப்பா இங்கதான் இருப்பா. நீங்க வெளிய போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."

குரல் உயரவில்லை, ஆனால் அதில் ஒரு வருஷம் இருந்தது. நாத்தனார் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். ஹாலில் நின்ற அவன் முகம் வெளிறிக் கிடந்தது. நடந்துவந்து, அக்காவின் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப்போய், கதவை அவனே இழுத்துச் சாத்தினான்.

கத்தரி கோட்டின்மேல் போனது. நினைப்பு வந்தது, கத்தரி போய்க்கொண்டே இருந்தது. தோள் வளைவில் திருப்பும் சமயம் பார்த்துக் குழந்தை துணியின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தது. வளைவு கோணிக்கொண்டு வெட்டுப்பட்டது. ஒரு முழுத் துண்டு பாழ்.

"ஏய், அறிவிருக்காடி உனக்கு? துணியைத் தொடாதேன்னா தொடாதே."

குழந்தை உதட்டைப் பிதுக்கி, மூச்சை இழுத்து, வீடு அதிர அழ ஆரம்பித்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வருஷமாக இந்தக் குழந்தையை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. கோபம் வந்தால் அதுதான் ஆரம்பம் என்று பயந்து, எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்தே செத்திருந்தாள். இப்போது கோபம் வந்திருக்கிறது, கையில் கத்தரி இருக்கிறது, எதிரே குழந்தை மூக்கு ஒழுக அழுகிறது. நாசமாய்ப் போனது சட்டைத் துணி மட்டும்தான்.

கதவுக்கு வெளியே நாத்தனார் குரல் பதறியது. "என்னாச்சு? ஏன் அழறா?"

"ஒண்ணுமில்ல அண்ணி," என்றாள். "திட்டினேன்."