அந்த இரண்டு அடி

...அந்த ஆளை முன்வரிசையில் உட்கார வைக்கப் போகிறோம் என்று அய்யாசாமி அண்ணன் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சத்யபாமா காய்ச்சல் என்று போர்த்திப் படுத்திருப்பாள், இப்போது என்ன செய்வது, தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சியாயிற்று, தோல் விண்ணென்று நிற்கிறது, ஆடி மழை கோயில் தகரக் கூரையில் கொட்டுகிறது, யாங்கோன் அலோன் துறைமுகத்துச் சனம் பாதி இங்கேதான் ஒண்டிக்கொண்டிருக்கிறது, நாத்தனார் தைலம்மாள் கரகத்தைத் தலையில் ஏற்றிக் கண்ணை மூடி நிற்கிறாள், எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் வட்டாரத் தலைவர், வெற்றிலைச் சிவப்பு வாய், மடியில் தண்ணீர் பாட்டில். "திருவிழாவுக்கு அனுமதி குடுத்தவர கூப்பிடாம இருக்க முடியுமா பாமா?" என்கிறார் கோயில் தர்மகர்த்தாவான அண்ணன். முடியாதுதான். வந்து உட்கார்ந்ததுமே அந்த ஆள் அவள் பேரைக் கேட்டுவிட்டுப் பர்மியத்தில் சிரித்தார், "பர்மாக்காரனைத்தானே நாங்க பாமாங்கிறது, கலா பொம்பளைக்கு, இந்தியாக்காரிக்கு, அந்தப் பேர யாரு குடுத்தது?" எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்... அந்தக் குரல், இதே குரல்தானே, அன்றைக்கு ராத்திரி கீழே இருட்டிலிருந்து வந்தது?

பாட்டை எடுத்துவிட்டாள், இனி நிறுத்த முடியாது. "கப்பலேறி வந்தவளே, கரையிறங்கி நின்னவளே" என்று அவள் இழுக்க, பின்பாட்டுப் பெண்கள் பர்மிய எழுத்தில் எழுதிவைத்த தாளைப் பார்த்து "மாயியம்மா" என்கிறார்கள், தமிழ் எழுத்து தெரியாது அவர்களுக்கு, பர்மியத்தில் ர எழுத்துக்கு ய சத்தம்தான், மாரியம்மா என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த எழுத்தைப் பார்த்ததும் ய தான் வரும், பவானி மட்டும் ரொம்பக் கவனமாக "மார்ரியம்மா" என்று அழுத்திக் கத்துகிறாள், வேறு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் பாட்டுதான், அப்புறம் அழைப்பு வந்துவிடும், அம்மனைக் கூப்பிடுகிற அடி, தப்பு குடுகுடுவென்று ஓடி வந்து சட்டென்று மூச்சு நிற்கிற மாதிரி நிற்கும், பிறகு இரண்டு அடி, தக் தக், அது விழுந்தால்தான் கரகம் நகரும், இது அவர்கள் வீட்டு அடி, யாங்கோனில் வேறு எவருக்கும் இப்படி விழாது, அப்பா அடித்தார், கூடப்பிறந்த அண்ணன் அடித்தான், அவன் மலேசியா போனதும் பொம்பளை தப்படிக்கிறதா என்று கேட்டவர்கள் வாயெல்லாம் அந்த இரண்டு அடியில்தான் மூடியது. அதுதான் இன்றைக்குக் காட்டிக்கொடுக்கப் போகிறது... பட்டாளம் ஆட்சியைப் பிடித்த அந்த வருஷம், பொழுது சாய்ந்து எட்டு மணியானால் பட்டாளத்தை எதிர்த்து ஊரே சட்டி பானையைத் தட்டியது, பேயை விரட்டுகிற மாதிரி, லத்தாவிலும் தட்டினார்கள், தின்கன்ஜூனிலும் தட்டினார்கள், எல்லோரும் கண்மண் தெரியாமல் தட்டினார்கள், இவளுக்கு அப்படித் தட்ட வரவில்லையே, தாளம் இல்லாமல் அடிக்கத் தெரியாத கை, விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று கரண்டியால் சோற்றுப் பானையைத் தட்டத் தட்ட அது தானாக அழைப்புக்குள் போய்விட்டது, மறுநாளும் அதே, அதற்கடுத்த நாளும், ஒருநாள் கீழே டார்ச் வெளிச்சம், மாடி மாடியாக மேய்ந்தது, "யாரது பாட்டுக்குத் தட்டுறது? அந்த ரெண்டு அடிக்காரன் யாரு?" பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். யாரும் மேலே வரவில்லை. அன்றைக்கு இந்த ஆள் வட்டாரத் தலைவர் இல்லை, அவள் தெரு முனையில் பெட்டிக்கடைதான் வைத்திருந்தார், ஆனால் குரல்? குரல் மாறுமா?

"பாமா, அழைப்ப நல்லா நிறுத்தி அடி, நம்ம தலைவர் சயா கேக்கணும்ங்கிறாரு" என்று அண்ணன் காதருகே வந்து கத்துகிறார். கேட்கணுமா? ஏன் கேட்கணும்? அப்படி ஒன்று இருக்கிறதென்று இவருக்கு யார் சொன்னது? "நீங்க வேற, சும்மா இருங்கண்ணே" என்றாள், பாட்டுக்கு நடுவே மூச்சு தப்பியது. பின்னால் அடுப்படியில் மகன் சுரேந்திரன் கூழ் கிண்டிக்கொண்டிருக்கிறான், முன்பக்கம் தலைகாட்டாதே என்று சொல்லி வைத்திருக்கிறாள், தெருவில் பார்த்த பையனைப் பட்டாளத்துக்குத் தூக்கிப்போகிற காலம், இந்த ஆள் ஒரு விரலை நீட்டினால் போதும், அம்மாக்காரி செய்ததற்குப் பிள்ளை போவான். அடிக்காமல் விட்டால்? தைலம்மாள் அப்படியே நிற்பாள், மஞ்சள் தண்ணி ஊற்றி விரதமிருந்த பாதம் நகராமல் நிற்கும், ஆத்தா வரவில்லை என்று சனம் முணுமுணுக்கும், பெண்பிள்ளை கை, அதான் என்பார்கள். சொல்லட்டும். சுரேந்திரனை விடவா. வெறுமனே உருட்டிவிட்டுப் போய்விடலாம், ஆத்தாவுக்குத் தெரியாதா...

உருட்டினாள். நிற்காமல் உருட்டிக்கொண்டே போகத்தான் நினைத்தாள், ஆனால் அந்த நிறுத்தம் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது, குச்சி தானாக நின்றுவிட்டது, மழை மட்டும் கேட்கிறது, பெண்கள் தாளைப் பிடித்தபடி வாய் திறந்து நிற்கிறார்கள், இரண்டு அடியை அவள் முழுங்கிக்கொண்டாள். தக் தக். அவள் அடிக்கவில்லை. அந்த ஆளின் விரல், மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் மேல், பிசகாமல், விழ வேண்டிய இடத்தில். தைலம்மாள் உடம்பு குலுங்கியது, கால் எழும்பியது, கரகம் நகர்ந்துவிட்டது, குலவை கூரையைப் பிளக்கிறது, யாரும் கவனிக்கவில்லை, அவள்தான் அடித்ததாக எல்லோரும் நினைக்கிறார்கள், அவரே திடுக்கிட்டவர் போல விரலைப் பார்க்கிறார். இந்த இடத்தில் அடி விழுவதற்கு அவளுக்கே சின்ன வயதில் எத்தனை அடி வாங்க வேண்டியிருந்தது, கேட்டால் மட்டும் வராது இது, கை பழக வேண்டும்... எங்கே பழகினார்? டார்ச்சோடு தினம் கீழே நின்று கேட்டுக் கேட்டா? இல்லை, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே, அவரும் ஒரு பானையை வைத்துக்கொண்டு, மேலே தட்டுகிறவளோடு சேர்ந்தா? அப்படியானால் டார்ச் யாருடையது? அழைப்பு ஒருமுறையோடு முடிவதில்லை, மறுபடி உருட்டல் ஏறிக்கொண்டே வருகிறது, நிறுத்தம் வந்துவிட்டது, குச்சியைத் தூக்கியபடி அவள் அவரைப் பார்க்கிறாள், பாட்டிலுக்கு மேலே அவர் விரலும் தூக்கியபடியே நிற்கிறது.