காதுக்குப் போன கை

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொன்னவன் எவனோ, அவன் கார்டினா ஊரின் சீட்டுக் கிளப்பில் ஒரு மத்தியானம்கூட உட்கார்ந்திருக்க மாட்டான். உட்கார்ந்திருந்தால் அந்தப் பழமொழியை அங்கேயே தோற்றுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்பான். ஓப்பல் ஸ்டூக்கி அங்கே வருஷக்கணக்காக ஆடுகிறவள். உலகச் சண்டைக் காலத்தில் விமானத் தொழிற்சாலையில் இறக்கைக்கு ஆணி அடித்த கை அவளுடையது. அறுபதைத் தாண்டியும் அந்தக் கைக்குச் சீட்டு கனக்கவில்லை.

கனத்தது அவள் மகனுக்குத்தான். வெண்டல் பேக்கர்ஸ்ஃபீல்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தான், அம்மா சுட்ட கோழியை எலும்பு தெரியச் சாப்பிட்டான், கையைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தான்.

"இந்த வீட்டை வித்துடும்மா. எங்க கார் ஷெட்டுக்குப் பின்னாடி உனக்குன்னு ஒரு ரூம் கட்டிட்டேன். பசங்களோட நிம்மதியா இரு."

"பசங்களப் பாத்துக்க ஆள் வேணும்னு நேராக் கேளேன். நிம்மதிய எதுக்குடா நடுவுல இழுக்கிற?"

"அந்தச் சீட்டு மேசையில உன்ன மொட்டையடிக்கிறாங்கம்மா! உன் மூஞ்சியிலதான் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கே. நீ பொய் சொன்னா எனக்கு அஞ்சு வயசுலேருந்தே தெரியும்."

"எப்படித் தெரியுமாம்?"

"அதச் சொல்லுவேனா?" என்று சிரித்தான். சிரிக்கும்போது அவன் பார்வை அவள் இடது காதுப் பக்கம் போய்வந்தது. தலைமுடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று ஓப்பல் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒற்றை ஆளாக நின்று வளர்த்த பிள்ளை. அவன் படிப்புக்கும் இந்த வீட்டுக்கும் இரண்டு ஷிஃப்ட் பார்த்தவள் அவள். அவளைப் பார்த்து ஏமாளி என்கிறானா?

"சரி, வா. சனிக்கிழமை என் மேசையில உக்காரு. நீயும் நானும் ஒரே அளவு பந்தயச் சில்லு வாங்குவோம். என் சில்லு முழுக்கப் போச்சுன்னா வீட்ட வித்துட்டு உன் கார் ஷெட்டுக்கு வர்றேன். உன்னது போச்சுன்னா, இந்தப் பேச்ச இனி செத்தாலும் எடுக்கக் கூடாது."

"செத்தாலும் எடுக்க மாட்டேன்," என்றான் வெண்டல். அவன் முகத்தில் இப்போதே ஜெயித்துவிட்ட களை இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மேசையில் நாலு பேர். ஓப்பல், அவளுக்கு எதிரே வெண்டல், பக்கத்தில் பூத்தோட்டம் வைத்திருக்கும் கிகுயே நகாவோக்கா, ரிட்டயரான கசாப்புக்காரர் கஸ். பந்தயம் என்னவென்று ஓப்பல் சொன்னதும் கிகுயே கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"வீட்டயா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா ஓப்பல்?"

"கெடலடி. கெட்டுப்போச்சுன்னு பையன் சொல்றான். அதத்தான் பாக்கப் போறோம்."

"எங்களுக்கு உன் வீட்டப் பத்திக் கவலை இல்ல," என்றார் கஸ். "நல்ல சீட்டு வந்தா உன்னையும் சேத்துத்தான் உரிப்பேன்."

"உரிங்க, உரிங்க. அம்பது வருஷமா மாட்ட உரிச்சவருக்குச் சொல்லியா தரணும்?"

ஓப்பலுக்கு இவர்கள் அத்துப்படி. நல்ல சீட்டு வந்தால் கஸ் நாற்காலியை முன்னே இழுப்பார். சும்மா மிரட்டும்போது பற்ற வைக்காத சுருட்டை மெல்லுவார். கிகுயேயைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் ஜெயிக்கப் போகிற ஆட்டத்தில் அவள் தேநீரைத் தொடவே மாட்டாள். புதிதாக வருகிறவர்கள் கை நடுங்கினால் பொய் என்று நினைத்துப் பாய்ந்து விழுவார்கள். அட மக்குகளா! பொய் சொல்கிறவன் மரம் மாதிரி உட்கார்ந்திருப்பான். நல்ல சீட்டு கிடைத்தவனுக்குத்தான் அது பறிபோய்விடுமோ என்று உதறும்.

வெண்டலைப் படிக்க அவளுக்கு மேசையே தேவையில்லை. சின்ன வயதில் ஜாம் பாட்டிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தால் அவன் வாயில் மரியாதை வழியும். "சரிங்கம்மா, தூங்கப் போறேங்கம்மா" என்பான். அந்த மரியாதை வந்தால் ஏதோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

அன்றைக்கும் அதை வைத்தே அவள் தப்பித்து வந்தாள். அவன் "நீங்க" என்று ஆரம்பித்தால் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவாள். அவன் ஓயாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டைப் பார், சில்லைப் பார், யார் எத்தனை சீட்டு மாற்றுகிறார்கள் என்று பார்! ஊஹூம். பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி அம்மாவின் மூஞ்சியையே பார்த்தான். ஆனாலும் அதிர்ஷ்டம் அவன் பக்கம் இருந்தது. வெயில் சாயும் நேரத்தில் இரண்டு பேருக்கும் அநேகமாகச் சம அளவுதான் மிச்சம்.

அப்போது கிகுயே ஆளுக்கு ஐந்து சீட்டுப் போட்டாள். ஓப்பல் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். இரண்டு ராணி. ஒன்று ஸ்பேடு, ஒன்று ஆர்ட்டின். மற்ற மூன்றும் ஆர்ட்டின்தான்.

அந்தக் கிளப்பில் ஜாக்கி ஜோடியோ அதற்கு மேலோ இல்லாதவர்கள் ஆட்டத்தைத் திறக்க முடியாது. திறந்தவர் கடைசியில் அந்த ஜோடியைக் காட்டியாக வேண்டும். ஜோடியைப் பிரித்து ஒன்றைக் கழித்தால், கழித்த சீட்டைத் தன் சில்லுக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஆடுகிறவர்களுக்கு இது பல் தேய்ப்பது மாதிரி.

ராணி ஜோடியைக் கொண்டு ஓப்பல் ஆட்டத்தைத் திறந்தாள். கஸ் தொடர்ந்தார். வெண்டல் தன் சீட்டை ஒருமுறை பார்த்தான், சில்லைப் பார்த்தான், முதுகை நிமிர்த்தினான்.

"நீங்க தொறந்தா நான் பந்தயத்த ஏத்துறேங்கம்மா," என்றான்.

ஐயையோ, ஜாம் பாட்டில் வந்துவிட்டது! விலகிக்கொள், கவிழ்த்துவிடு என்று அவள் அனுபவம் சொன்னது. ஆனால் கையில் நாலு ஆர்ட்டின் இருக்கிறதே, இன்னும் ஒன்று வந்தால் போதுமே. எத்தனை நாளைக்குப் பதுங்குவது? பதுங்கிப் பதுங்கி ஆடினால் சில்லு தேய்ந்து தேய்ந்து கடைசியில் கார் ஷெட்டில்தான் கொண்டுபோய் விடும். அவள் சில்லைத் தள்ளினாள். கிகுயே விலகிக்கொண்டாள், கஸ் கூடவே வந்தார்.

வேண்டாததைக் கழித்து வேறு சீட்டு வாங்கும் நேரம். கஸ் மூன்று வாங்கினார். வெண்டல் இரண்டு. அப்படியென்றால் அவனிடம் ஒரே மாதிரி மூன்று இருக்கிறது. ஓப்பல் ஸ்பேடு ராணியைச் சில்லுக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்று வாங்கினாள். கஸ்ஸின் கண் அந்தச் சில்லில் ஒரு நொடி நின்று போனது. கிகுயே பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தாள். வெண்டல் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்தது ஆர்ட்டின் இரண்டு.

ஐந்தும் ஒரே இனம். ஒரே மாதிரி மூன்றை இது அடிக்கும். ஆனால் வெண்டல் வாங்கிய இரண்டும் ஜோடியாக அமைந்திருந்தால்? நாலாவது வந்திருந்தால்? அவன் சீட்டு இதை அடித்துவிடும். அவள் வீடு, வாசலில் நிற்கிற எலுமிச்சை மரம், யாரையும் கேட்காமல் படுத்து எழுகிற காலைப்பொழுது எல்லாம் அந்த இரண்டு சீட்டில் இருந்தன. வருவது வரட்டும் என்று சில்லு முழுவதையும், அடியில் இருந்த ராணியோடு சேர்த்து, நடுவில் தள்ளினாள். தள்ளிய கை திரும்பும்போது தானாகவே இடது காதுக்குப் போய் மடலைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு வேணாம்ப்பா," என்று கஸ் உடனே கவிழ்த்துவிட்டார்.

வெண்டலின் முகம் மலர்ந்தது. அவன் யோசிக்கக்கூட இல்லை. தன் சில்லையெல்லாம் தள்ளிவிட்டு, "மாட்டிக்கிட்டியாம்மா!" என்று மூன்று பத்துகளை விரித்தான். வாங்கிய இரண்டு சீட்டும் உதவாதவை.

ஓப்பல் சீட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். ராணி, ஒன்பது, ஆறு, மூன்று, இரண்டு, எல்லாம் சிவப்பு ஆர்ட்டின். பிறகு சில்லைத் தூக்கி ஸ்பேடு ராணியைத் திருப்பிப் போட்டாள். ஆட்டத்தைத் திறந்த ஜோடி.

"அவ சில்லுக்கு அடியில சீட்ட வெச்சப்பவே ஜோடிய ஒடச்சிட்டான்னு தெரியும்," என்றார் கஸ். "நீ பத்தாததுக்கு ஏத்திவிட்டிருக்க, அப்புறமும் முழுசாத் தள்றான்னா சும்மாவா தள்ளுவா? மேசையப் பாக்காம எங்க தம்பி பாத்துக்கிட்டிருந்த?"

வெண்டலுக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. "ஆனா நீ காதப் புடிச்சியே!" என்றான் அம்மாவிடம்.

"எந்தக் காத?"

"இடது காத. அப்பா அலாஸ்காவுக்கு ரோடு போடப் போயிருக்காரு, கிறிஸ்துமஸுக்கு வந்துடுவாருன்னு சொன்னியே, அப்பவும் அதத்தான் புடிச்சிருந்த. அவரு வரவே இல்ல. அன்னைலேருந்து உன் காதப் பாத்தா எனக்குத் தெரியும். நீ பொய் சொல்றன்னு."

ஓப்பல் கையைத் தூக்கிக் காதைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை காலம் ஊரார் கை, கால், சுருட்டு, தேநீர் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தவளுக்குத் தன் காது தெரியாமல் போய்விட்டது. அதைவிடப் பிள்ளை சொன்னதுதான் நெஞ்சில் வலித்தது.

"பொய்யாடா அது? அவன் வருவான்னு உன்னவிட நான்தான்டா நம்பினேன். கிறிஸ்துமஸ் அன்னைக்கு அவனுக்கும் சேத்து மூணு தட்டு வெச்சேனே, மறந்துபோச்சா? வராமப் போயிடுவானோன்னு பயந்துகிட்டே உன்கிட்டச் சொன்னேன். பயத்துக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியாம இத்தன வருஷம் பெத்தவளப் பொய்க்காரின்னு வெச்சிருந்தியா நீ?"

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டான். "இப்பவும் பயந்தியாம்மா?" என்று கேட்டான்.

"பயப்படாம? வீட்டயில்ல வெச்சிருந்தேன்! பயந்தவ ஆடக் கூடாதுன்னு எந்த ஊர்ச் சட்டம்டா?"

அதற்குள் நாற்காலி வாடகை வாங்குகிற பெண் தட்டோடு வந்து நின்றாள். "அடுத்த அரை மணிக்கு உண்டா சார்?" என்று வெண்டலைக் கேட்டாள். அவன் இல்லையென்று எழுந்தான். ஓப்பல் தன் பங்கைத் தட்டில் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பசங்களக் கூட்டிக்கிட்டு வா," என்றாள் அவனிடம். "என் வீட்டுக்கு."

"சரிங்கம்மா. கூட்டிக்கிட்டு வரேங்க."

சீட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஓப்பல் சட்டென்று நிமிர்ந்தாள். "என்னடா மரியாதை? இன்னும் எதையோ வெச்சிருக்க. எடு வெளிய."

வெண்டல் சட்டைப்பையில் கைவிட்டான். புதுச் சாவி ஒன்று, சிவப்பு நாடா கட்டியது, கார் ஷெட்டுக்குப் பின்னால் கட்டிய அறையுடையது. ஜெயித்ததும் கொடுக்கலாம் என்று காலையிலேயே எடுத்து வந்திருந்தான். அதை மேசையில் வைத்தான்.

ஓப்பல் சாவியை எடுத்துப் பார்த்தாள், திரும்ப அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"நல்ல ரூம்தான். வாடகைக்கு விடு," என்றாள். "கஸ், உங்க முறை. சீட்டப் போடுங்க."