எந்தப் பக்கத்துப் பூட்டு

சால்தனாத்துக்கு மார்பில் புற்றுக்கட்டி. மரபணு ஒன்றில் இருந்த பழுதுதான் காரணம் என்று கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் எங்கள் ஆய்வகம் கண்டுபிடித்துவிட்டது. அது அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்ததா, அம்மாவிடமிருந்து வந்ததா? இருவருமே உயிரோடு இல்லை. பக்கம் தெரிந்தால் அந்தப் பக்கத்துப் பெண்களைப் பரிசோதித்து, கட்டி வரும் முன்பே காப்பாற்றலாம். ஆனால் சொந்தக்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா வழியார் அம்மா வழியாரைக் கை காட்டினார்கள், அவர்கள் இவர்களை.

அவளுடைய பெரியப்பா துர்குன்பாய் மட்டும் நாரினிலிருந்து வந்தார், அதுவும் சண்டை போட.

"எங்க ஏழு தகப்பன் பேரையும் வரிசையாச் சொல்லட்டுமா? ஒருத்தனுக்கும் இந்த நோய் கிடையாது. இது அவ தாய்மாமன் வீட்டுச் சீர்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கிர்கிஸ் பிள்ளைகள் அப்பா, தாத்தா என்று ஏழு தலைமுறைத் தகப்பன் பெயரையும் ஒப்பிப்பார்கள். அதில் ஒரு தாயின் பெயர் கிடையாது. நோய் என்று வந்தால் மட்டும் தாய் வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

என் மேலதிகாரி பெகாயிம் கோபப்படவில்லை. கிண்ணத்தில் பாதி தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். எங்கள் வழக்கத்தில் நிரப்பிக் கொடுத்தால் எழுந்து போ என்று அர்த்தம். நானாக இருந்தால் நிரப்பியிருப்பேன்.

"பைகே" என்று மூத்தவர்களை அழைக்கும் முறையில் தொடங்கினாள். "அநேகமா எல்லா மரபணுவும் நமக்கு ரெண்டு ரெண்டு பிரதி, அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. கருமுட்டை தன் பிரதியில சில மரபணுவை வேலை செய்யாதபடி பூட்டி அனுப்பும். விந்தணு வேற சிலதைப் பூட்டும். அந்தப் பூட்டு ஆயுசு முழுக்க உடம்புல இருக்கும். அதைப் பார்த்தே எது அம்மா பிரதி, எது அப்பா பிரதின்னு சொல்லிடலாம்."

"ரெண்டு பேரும் ஒண்ணையே பூட்டினா என்ன, குடியா முழுகிடும்?"

"முழுகத்தான் செய்யும். ரெண்டு பிரதியும் அம்மா பூட்டோட இருந்தா கரு வளராம அழிஞ்சிடும். அப்பா பூட்டோட இருந்தா குழந்தைன்னு ஒண்ணே உருவாகாது."

இதை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அவனுடைய செல்கள் பூட்டு வேலையைத் தொடங்கிவிடுகின்றன. பெண்ணுக்கோ பிறந்த பிறகு, முட்டை வளரும்போதுதான். மரபணுவின் எழுத்து ஒன்றுதான், எதை வாசிக்கலாம், எதை மூட வேண்டும் என்பதில்தான் இருவருக்கும் இத்தனை வித்தியாசம். சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் இவ்வளவு நறுவிசாக ஒரு வேலை நடக்கிறது! அந்தப் பூட்டுகளைத் தேடி ஒரு குரோமோசோமை முனைக்கு முனை படித்த பெகாயிமையும் கையெடுத்துக் கும்பிடலாம்.

"பழுது அப்பா பூட்டு போட்ட குரோமோசோம்ல இருக்கு, பைகே" என்றாள் அவள்.

துர்குன்பாய் அவளை மடக்கிவிட்டவர் போல நிமிர்ந்தார்.

"எங்க அம்மா வேற குலத்துப் பொண்ணு. அவகிட்டேருந்து என் தம்பிக்கு வந்திருந்தா? அப்ப அம்மா பூட்டுல்ல இருக்கணும்?"

பெகாயிமுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அருமையாக் கேட்டீங்க! உங்க தம்பி உடம்புல அம்மா பூட்டுதான் இருந்திருக்கும். ஆனா விந்தணுவா ஆகப்போற செல்லு பழைய பூட்டெல்லாம் கழட்டிடும். அப்புறம் ஆண் பூட்டைப் புதுசாப் போடும். பாட்டிகிட்டேருந்து வந்திருந்தாலும் சால்தனாத்துக்கு அது அப்பா பூட்டோடதான் வரும். உங்க தம்பிக்கு அது யார்கிட்டேருந்து வந்ததுன்னு என்னால சொல்ல முடியாது."

"அப்ப... அவனுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கலாம்?"

"வந்திருக்கலாம். அம்மாகிட்டேருந்தோ, அப்பாகிட்டேருந்தோ."

"ஆம்பளைக்குமா?"

"ஆம்பளைங்களும் சுமப்பாங்க, பைகே. மகளுக்கும் குடுப்பாங்க."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவருக்கு மீரிம் என்று ஒரே மகள், கராகோல் ஊரில் ஆசிரியை என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் முன்னாலேயே அவளுக்கு ஃபோன் போட்டார்.

"மீரிம், உடனே பிஷ்கெக் வா. ஒரு பரிசோதனை... ஆமா, சால்தனாத்துக்கு வந்ததேதான்... இல்லம்மா, உங்க அம்மா வீட்டுலேருந்து இல்ல. நான் குடுத்திருக்கலாம்."