வெள்ளை கிரேவி

சைவ ஓட்டல் என்றதும் அம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதியை மகள் தலையில் கட்டிவிட்டு, அவள் புடவை மடிப்பில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள்.

“காய்கறிதானேடி. என்ன வந்துடப் போகுது?”

“காய்கறியிலதாம்மா முந்திரியைக் கொட்டுவாங்க.”

“மெல்லப் பேசு. அங்க வந்து அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

மகளை வீட்டில் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டாள். நடந்தால் சத்தம் வராது, பேசினாலும் வராது. குடிநீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் கண்ணாடிக் குழாய்களோடு இருப்பதால் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை.

முந்திரியில் ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை, பள்ளிக்கூடத்தில் ஒருமுறை செத்துப் பிழைத்திருக்கிறாள். அதற்கென்று ஓர் ஊசி உண்டு. தடிமனான பேனா மாதிரி இருக்கும். தொடையில் வைத்து அழுத்தினால் மூச்சு திரும்பும்.

இந்த உண்மையைச் சொல்லித்தான் இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. “நாளைக்குப் பிறக்கிறதுக்கும் இப்படி இருந்தா?” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் கேட்கக்கூட இல்லை, போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்த அம்மா, மூன்றாவது முறை வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். கழுத்தில் ஏறட்டும், அப்புறம் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்பது அவள் கணக்கு.

இந்த முறை பையன் லிஃப்ட் மெக்கானிக். அவன் அம்மா தையல் கடை வைத்திருந்தாள். பெண் பார்த்தாகிவிட்டது. பையனுக்குப் பூனையைப் பிடித்துவிட்டது. பூனைக்கும் அவனைப் பிடித்துவிட்டது, அதுதான் வம்பு. பிடிக்காத இடமாக இருந்தால் அவளே எப்படியாவது சொல்லியிருப்பாள்.

இரு வீட்டாரும் சேர்ந்து சாப்பிடக் கிளம்பும்போது பூனை ஊசியைத் தன் கைப்பையில் வைக்கப் போனாள். அம்மா அதை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“உன் பை சின்னது. திறந்தா அது முதல்ல எட்டிப் பார்க்கும். என்கிட்ட இருந்தா என்ன, உன்கிட்ட இருந்தா என்ன?”

ஓட்டலுக்குள் குளிர்சாதனம் எலும்பு வரை இறங்கியது. மதியக் கூட்டம். எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். சமையலறைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசனை வந்து மோதியது. அந்த வாசனையில் வேறு எதுவும் பிடிபடவில்லை. பூனைக்கு மூக்கையே யாரோ பொத்திவிட்டது போல இருந்தது.

“வாங்க சம்பந்தி!” தையல்காரம்மாவின் குரலுக்குப் பக்கத்து மேசையும் திரும்பியது.

“இன்னும் தேதியே குறிக்கல. அதுக்குள்ள சம்பந்தியா?” என்றான் மகன்.

“நீ சும்மா இருடா. ஆளைப் பார்த்ததும் அளவு சொல்றவ நான்.” பூனையின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “எந்தப் புண்ணியவான் தைச்சான் கண்ணு இந்த பிளவுஸை? ஒரு தோள் வடக்கே போகுது, ஒரு தோள் தெற்கே போகுது.”

பூனை சிரித்தாள். இவர்களிடம் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. அம்மாவின் முழங்கால் மேசைக்கு அடியில் அவள் முழங்காலை இடித்தது.

கை கழுவும் சாக்கில் எழுந்து போய், தண்ணீர்த் தொட்டியருகே நின்ற சர்வரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அண்ணா, காலிஃபிளவர் மசாலாவில முந்திரி இருக்குமா?”

அவர் முகத்தில் சங்கடம். “இல்லைங்கம்மா. முன்னெல்லாம் மேல வறுத்துப் போடுவோம். இப்ப விலைவாசி எங்க விடுது? ஒண்ணுகூட இருக்காது.”

“நல்லாத் தெரியுமா?”

“தேடினாலும் கிடைக்காதும்மா. குறையா நினைச்சுக்காதீங்க.”

இருந்தாலும் தனக்கென்று ரொட்டியும் வெறும் பருப்பும்தான் சொன்னாள்.

சாப்பாடு வரும்வரை பையன் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளைச் சொன்னான். “கதவைத் திறந்ததும் எல்லாரும் ஒரே பாட்டுத்தான், மூச்சு முட்டுது, செத்துப்போயிட்டேன்னு. உள்ள காத்து தாராளமா வந்துட்டு இருக்கும். எல்லாம் பயம்தான். பயம்தான் தொண்டையைப் பிடிக்கிறது.”

“ஒரு தடவை இவனே மாட்டிக்கிட்டான், கேளுங்க,” என்றாள் தையல்காரம்மா. “எனக்குப் போன் பண்ணி சொத்து விவரமெல்லாம் சொன்னான். சொத்துன்னா என்ன, ஒரு பழைய வண்டி!”

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தட்டுகள் வந்தன. பூனையின் தட்டைப் பார்த்துத் தையல்காரம்மா முகத்தைச் சுளித்தாள்.

“என்ன கண்ணு, காய்ச்சக்காரங்க மாதிரி பருப்பும் ரொட்டியும்?” தன் கிண்ணத்திலிருந்து வெண்மையான குழம்பு சொட்டச் சொட்ட ஒரு காலிஃபிளவர்த் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். “ஒரு வாய். எனக்காக.”

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகர்ந்தாள். நெய், ஏலக்காய். தேடினாலும் கிடைக்காது என்று சர்வர் சொன்னாரே. அம்மாவின் முழங்கால் மறுபடி இடித்தது.

சாப்பிட்டாள்.

முதலில் ஒன்றும் இல்லை. நல்ல ருசியாகக்கூட இருந்தது. பிறகு காது மடல் இரண்டும் சுட்டன. குளிர்சாதனத்துக்கு நேராக உட்கார்ந்திருப்பவளுக்குக் காது ஏன் சுட வேண்டும்? தொண்டையில் ஒரு மயிரிழை ஒட்டிக்கொண்டது போல இருந்தது. செருமினாள். போகவில்லை. உள்ளங்கை அரித்தது. மேசை விளிம்பில் தேய்த்தாள்.

பயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காத்து தாராளமாக இருக்கிறது. பயத்திலும் இதயம் இப்படித்தான் அடிக்கும், கை இப்படித்தான் வேர்க்கும். ஆரம்பத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். பிரித்துச் சொல்ல முடிகிற நேரம் வரும்போது சொல்லக் குரல் இருக்காது என்பதும் தெரியும்.

அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த பையின் கொக்கியில் அம்மாவின் விரல்கள் இருந்தன. கொக்கி திறக்கவில்லை. கண்களால் ‘பொறு’ என்றாள். சின்ன வயதில் விருந்தாளிகள் முன்னால் தின்பண்டத்துக்குக் கை நீட்டும்போது சொல்கிற அதே பொறு.

“ஏம்மா, உதடு ஏன் இப்படித் தடிச்சுப் போச்சு?” என்று தையல்காரம்மா குனிந்து பார்த்தாள்.

“லிப்ஸ்டிக்,” என்றாள் அம்மா. “புதுசு. ஒத்துக்கல போல.”

அந்தப் பொய் அவ்வளவு சரளமாக வந்ததில்தான் பூனைக்கு உண்மையான பயம் பிடித்தது. இதுவரை பட்டதெல்லாம் அதற்கு முன் ஒன்றுமேயில்லை. மூச்சை இழுத்தாள். பாதியில் நின்றது. இன்னொரு முறை இழுத்தாள். ஊதல் போல ஒரு சத்தம் வந்தது.

கையை நீட்டிப் பையைப் பிடித்தாள். டம்ளர் உருண்டு தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது. பை வரவில்லை. அதன் வாரை அம்மா பிடித்திருந்தாள். எதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாதவள் போலப் பிடித்திருந்தாள்.

“விடும்மா!”

பூனையின் வாயிலிருந்து அப்படியொரு சத்தம் இதற்குமுன் வந்ததில்லை. ஓட்டலே திரும்பியது. அம்மாவின் கை தளர்ந்தது. பையைக் கவிழ்த்தாள். சீப்பு, சாவி, சில்லறை, எல்லாம் ஈரத்தில் விழுந்தன. ஊசியை எடுத்து மூடியைக் கழற்றி, புடவையோடு சேர்த்துத் தொடையில் குத்தி அழுத்தினாள்.

“முந்திரி,” என்றாள். “எனக்கு ஆகாது. செத்துடுவேன்.”

தையல்காரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அடுத்த கணம், “டேய், ஆம்புலன்ஸுக்குப் போன் போடுடா!” என்று கத்தினாள்.

ஓடி வந்த சர்வருக்கு முகம் வெளுத்துவிட்டது. “முந்திரியே இல்லைங்க! அது வெள்ளை கிரேவி. காலையில மொத்தமா அரைச்சு வச்சிடுவாங்க, பாதி ஐட்டத்துக்கு அதான் ஊத்தறது.”

“எதை அரைப்பீங்க?” என்று பையன் கேட்டான்.

சர்வர் வாயைத் திறந்தார். அவருடைய கணக்கில் முந்திரி என்றால் கண்ணுக்குத் தெரிவது, வாடிக்கையாளர் எண்ணிப் பார்த்துக் குறை சொல்வது. அரைத்த பிறகு அது கிரேவி. தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு பூனை படுத்திருந்தாள். மூச்சு வந்துவிட்டது, கை கால் நடுக்கம் நிற்கவில்லை. டாக்டர் சொன்னதைத் திரைக்கு அப்பாலிருந்து கேட்டாள்: அடங்கினது மாதிரி இருக்கும், சில பேருக்குத் திரும்பவும் வரும், பக்கத்தில ஆள் இருந்து பார்த்துக்கிட்டே இருக்கணும்.

“கூட ஒருத்தர்தான் இருக்கலாம்,” என்றாள் நர்ஸ். “யாரு?”

அம்மா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்தாள். அழுது அழுது அவள் முகம் உப்பியிருந்தது.

பூனைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. இந்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கத் தான் கண்ணை மூடுவதை நினைத்துப் பார்த்தாள். வெளியே பையன் நிற்பான், அவன் சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் முன்னால் வேண்டாம் என்று அம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள்.

“அவங்க இருக்கட்டும்,” என்று தையல்காரம்மாவைக் காட்டினாள்.

தையல்காரம்மாவுக்கே தர்மசங்கடம். அம்மாவைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இருக்கேன் கண்ணு. ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாதே. திரும்ப வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?” அவள் அம்மாவிடம்தான் கேட்டாள். கேட்க வேறு ஆளில்லை.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“முதல்ல காது மடல் சிவக்கும்,” என்றாள். “அப்புறம் செருமுவா. தண்ணி குடிச்சாலும் நிக்காது. உள்ளங்கையை எதிலயாவது தேய்ப்பா, கீழுதடு தடிக்கும். அப்புறம்...”

“அப்புறம்?”

அம்மாவின் உதடுகள் அசைந்தன.

“அப்புறம் என்னைப் பார்ப்பா.”